குரோமர் கரையில் ஒரு தண்டல்

மனைவிக்குக் கிடைத்த செவிலியர் வேலையை நம்பி, உவரியிலிருந்து இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையிலுள்ள குரோமருக்கு வந்து சேர்ந்த எனக்கு, முதல் குளிர்காலம் முழுவதும் இந்த ஊர் ஒட்டவே இல்லை. கடல் இருந்தது, ஆனால் விடியற்காலையில் வள்ளங்கள் கரையேறும்போது எங்கள் ஊரில் எழும் ஆரவாரம் இல்லை. பூங்காவில் கடலைப் பார்த்தபடி இருக்கும் மார்பளவுச் சிலை ஒன்றுதான் என்னை இந்த ஊரோடு ஒட்ட வைத்தது. அது ஹென்றி பிளாக்கின் சிலை.

1876இல் பிறந்த இவர் நண்டு பிடித்தும், கோடையில் கடற்கரைக்கு வருவோருக்கு நாற்காலிகளை வாடகைக்கு விட்டும் பிழைத்தவர். 1894இல் உயிர்காப்புப் படகில் சேர்ந்து, 1909 முதல் 1947 வரை அதன் தண்டலாக, அதாவது படகை நடத்தும் தலைவராக, இருந்தார். 387 முறை கடலில் இறங்கி 873 உயிர்களை மீட்டதற்கு, உயிர்காப்புப் படகு நிறுவனத்தின் தங்கப் பதக்கம் மூன்று முறையும் வெள்ளிப் பதக்கம் நான்கு முறையும் பெற்றார்; துணிச்சலுக்குப் பிரிட்டன் தரும் உயரிய விருதான ஜார்ஜ் சிலுவையும் கிடைத்தது. 1932இல் தரைதட்டிய இத்தாலியக் கப்பலிலிருந்து காப்பாற்றிய நாயையும் தாமே வளர்த்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1917 ஜனவரியில் நடந்ததை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இளைஞர்கள் போர்முனைக்குப் போயிருந்ததால், அன்று துடுப்புப் பிடித்தவர்களில் பலரும் ஐம்பதைக் கடந்தவர்கள். பகலில் ஒரு கிரேக்கக் கப்பலின் மாலுமிகளை மீட்டுக் கரைசேர்ந்த கையோடு, வெடிவிபத்தில் இரண்டாகப் பிளந்த ஃபெர்னெபோ என்ற சுவீடன் கப்பலை நோக்கி அவர்கள் மறுபடியும் புறப்பட்டார்கள். அந்தப் படகில் இயந்திரம் கிடையாது. அலை அவர்களைக் கரைக்கே தூக்கி எறிந்தது, துடுப்புகள் முறிந்தன. மாற்றுத் துடுப்புகளோடு இருட்டில் மீண்டும் இறங்கி, கப்பலில் எஞ்சியிருந்த பதினொரு பேரையும் கொண்டுவந்தார்கள்.

இதைத் தொலைபேசியில் கேட்ட சித்தப்பா, பிளாக்குக்கு நீச்சல் தெரியாது என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, கடலுக்குப் போகிற எவரும் கேட்கக்கூடியதையே கேட்டார்: "எல்லாம் சரிதான்ல, படகும் டீசலும் யாரு குடுக்கா?"

1824இல் தொடங்கிய அந்த நிறுவனம் பெரும்பாலும் மக்கள் நன்கொடையிலேயே நடக்கிறது என்றும், இன்றும் அழைப்பு வந்தால் பார்த்த வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்தான் என்றும் சொன்னேன். துணிச்சலில் நம் கரை ஒன்றும் குறைந்ததில்லை. 2017இல் ஒக்கி புயலில் காணாமல் போனவர்களைத் தேடிக் குமரி மாவட்ட மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே போனார்கள். அதற்கென ஆயத்தமாக நிற்கும் படகும், அதைப் பராமரிக்கப் பணமும்தான் நம்மிடம் இல்லை என்பது என் எண்ணம்.

சித்தப்பா சிறிது நேரம் பேசவில்லை. "அந்தோணியார் கோயில் உண்டியல் பக்கத்துல இன்னொரு உண்டியல் வைக்கலாம்லா," என்றார். ஊர்க் கமிட்டியில் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார்.