143

அக்டோபர் 14
மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை ஏற்றி நிறுத்திவிட்டார்கள். நம்மிடம் ஸ்கூட்டர்தான், மாடிப்படிக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

சர்வரில் பின்னணியில் ஓடுகிற அந்த ஒர்க்கர் புரோகிராம் மறுபடியும் அசையாமல் தொங்குகிறது. ராத்திரி ராத்திரி பிஎஸ் போட்டு ஓடுகிறவற்றைப் பட்டியலெடுத்து, கிரெப் போட்டு அதில் பெயரைத் தேடி, அதன் எண்ணைப் பார்த்து நானே கில் செய்கிறேன். மனைவி பிரசவத்துக்கு அயனாவரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். திடீரென்று அங்கே ஓடவேண்டி வந்தால் யார் பார்ப்பது? பெயரைக் கொடுத்தால் நிறுத்துகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம்.

அக்டோபர் 15
ஒர்க்கரைத் தேடினால், ஒர்க்கரைத் தேடுகிற கிரெப்பும் பட்டியலில் வந்து நிற்கிறது. பெயரைக் கொடுத்தாலே நிறுத்துகிற பி-கில் கட்டளை தேவலை, தன்னைச் சேர்த்துக்கொள்ளாது.

மாமனார் பெயர்ப் பட்டியல் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொன்றும் ஒரு முழம். லினக்ஸே பிராசஸ், அதாவது ஓடுகிற புரோகிராம், ஒன்றின் பெயரில் 15 எழுத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. அவரிடம் சொல்ல முடியுமா?

அக்டோபர் 16
கரண்ட் இல்லை. வலி இல்லை என்றாள். இரண்டு தடவை கேட்டேன்.

அக்டோபர் 17
ஒர்க்கரின் பெயரும் நீளம், 15-இல் வெட்டுப்படுகிறது. அதனால் கட்டளை வரி முழுவதையும் பார்க்கிற மைனஸ் எஃப் சேர்த்தேன். முதலில் டெர்ம், அதாவது நிறுத்தச் சொல்லும் சிக்னல், எண் 15. பத்து விநாடி பொறுப்பது. அப்போதும் இருந்தால் 9, கட்டாயமாக நிறுத்துகிற சிக்னல். டெர்ம் கதவைத் தட்டுவது மாதிரி. கையிலிருப்பதை முடித்து, ஃபைலை மூடிவிட்டுப் போகலாம். 9-ஐ எந்தப் பிராசஸாலும் தடுக்க முடியாது. எடுத்த எடுப்பில் 9 போடுகிறவர்கள்தான் எங்கள் டீமில் அதிகம். அப்புறம் பாதி எழுதிய ஃபைலோடு மல்லுக்கட்டுவது நான்.

ஆனால் ஸ்கிரிப்ட் அந்தப் பத்து விநாடிக்கே போகவில்லை. பி-கில் வரியிலேயே செத்தது. முடியும்போது விட்டுப்போகிற எண், எக்ஸிட் கோட், 143. மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் 143.

போனில் சொன்னேன். "பேஜர் காலத்து ஐ லவ் யூ" என்று சிரித்தாள். சிரித்தால் இடுப்பு வலிக்கிறதாம். அப்படியானால் சிரிக்காதே என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 18, விடியற்காலை 2 மணி
எந்த வலி?

அக்டோபர் 18
சூட்டு வலியாம். அத்தை சீரகத் தண்ணீர் கொடுத்தார்களாம்.

143 என்றால் 128 + 15. சிக்னலால் செத்ததை ஷெல் 128-ஐக் கூட்டித்தான் சொல்லும். சரி, என் ஸ்கிரிப்ட்டுக்கு டெர்ம் அனுப்பியது யார்? நானேதான்! ஒர்க்கரின் பெயரைக் கொடுத்துத்தானே ஓட்டுகிறேன். ஸ்கிரிப்டின் கட்டளை வரியிலும் அந்தப் பெயர் இருக்கிறது. பி-கில் தன்னை விட்டுவிடும், தன்னைக் கூப்பிட்டவனை விடாது.

இப்போது பி-கிரெப்பில், யாரையும் நிறுத்தாமல், பெயர் பொருந்துகிற பிராசஸ்களின் எண்களை மட்டும் வாங்கி, ஸ்கிரிப்டின் சொந்த எண்ணைத் தள்ளிவிட்டு, மிச்சத்துக்குத்தான் டெர்ம். ஓடுகிறது. குறித்த நேரத்தில் தானே ஓட்டுகிற கிரானில் ராத்திரி 11.30-க்குப் போட்டாயிற்று.

அக்டோபர் 19
அத்தை போன். பறக்கும் ரயில் ஓடுகிறதாம். சார்ஜர் எங்கே வைத்தேன்