மாடியில் தையல் மிஷின், கீழே அம்மா: சீலிங்குக்கு என்ன போட்டோம்

வில்லாபுரத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்கா தையல் மிஷின்கள் போட்டு, கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறார். தீபாவளி நெருங்கினால் ராத்திரியிலும் மிஷின் ஓடும். கீழ் ரூமில், இடுப்பு ஆபரேஷன் முடிந்து வந்த அம்மா. அக்காவின் பிழைப்பிலும் கை வைக்கக் கூடாது, அம்மாவுக்கும் தூக்கம் வேண்டும். அதனால் கீழ் ரூமில், தளத்துக்குக் கீழே சத்தம் மறிக்கும் ஃபால்ஸ் சீலிங் போட்டோம்.

கடைகளில் கேட்டால் முதலில் தெர்மாகோலைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அது சூட்டுக்கு ஆகும், சத்தத்துக்கு ஆகாது. கனமில்லாத பொருள் சத்தத்தை மறிக்காது. தீப்பிடித்தால் எரியவும் செய்யும். ஸ்பாஞ்ச் ஷீட் ரூமுக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான்.

மிச்சம் கிளாஸ்வுல் (கண்ணாடி நார்ப் பஞ்சு), ராக்வுல் (பாறையை உருக்கிச் செய்த நார்ப் பஞ்சு). சத்தத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தீக்குத் தாங்கும், விறைப்பாக நிற்கும் என்று ராக்வுல்லை எடுத்தோம்: 50 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. 96 கிலோ போடச் சொன்னார்கள். இந்த வேலைக்கு அது வீண் செலவு.

ஆனால் பஞ்சு மட்டும் சத்தத்தை நிறுத்திவிடாது. தளத்துக்கும் சீலிங் போர்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குள் சுற்றும் சத்தத்தை உறிஞ்சுவதுதான் அதன் வேலை. மறிப்பது போர்டின் கனம். அதனால் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு, மேலடுக்கு இணைப்பும் கீழடுக்கு இணைப்பும் ஒரே இடத்தில் வராதபடி. சீலிங்கைத் தாங்கும் கம்பிகளைத் தளத்தில் நேராக முடுக்காமல் ரப்பர் வைத்த ஹேங்கரில் தொங்கவிட்டோம். சுவரோரம் விரலளவு இடைவெளி விட்டு, காயாத சீலன்ட்டால் அடைத்தோம். ஃபேனுக்கு ஓட்டை போட்டால் சத்தம் அந்த வழியாகவே இறங்கும். மதுரை வெயிலில் ஃபேன் இல்லாமல் எப்படி? சுவர் ஃபேன் மாட்டிக்கொண்டோம். லைட்டும் சுவரில்தான்.

இதற்கெல்லாம் முன்னால் செய்தது ஒன்று: அக்காவிடம் பேசி, மிஷின் கால்களுக்கு அடியில் கனத்த ரப்பர் மேட் போட்டோம். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி" என்றார். தரையில் இறங்கும் அதிர்வு தளத்தோடு நிற்காது, சுவர் வழியாகவும் வரும். சீலிங்கால் அதைப் பிடிக்க முடியாது. உங்கள் வீட்டிலும் மாடிக்காரர் ஒத்துக்கொண்டால் முதல் செலவு அங்கேதான் இருக்க வேண்டும்.

இப்போது மிஷின் இரைச்சல் காதில் விழுவதில்லை. நாற்காலி இழுத்தால் மட்டும் சுவரோரம் லேசாகக் கேட்கும். ராக்வுல் வைக்கும்போது ஆட்களுக்கு மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம் கொடுங்கள். அந்த நார் உடம்பில் பட்டால் அரிப்பு எடுத்துவிடும்.