ஒரே பூனைக்குள் இரண்டு வரிசைகள்: ஓர் ஆய்வுகூட அனுபவம்

கொழும்புத் தெருப்பூனைகளின் தாய்வழி உறவுகளை அறிவதே என் முதுமாணி ஆய்வின் நோக்கம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பிடிபட்டுக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு வரும் பெண் பூனைகளிடமிருந்து சிறிது இரத்தத்தையும், அகற்றப்பட்ட சூலகத்தில் ஒரு துண்டையும் மிருக வைத்தியர் எடுத்துத் தருவார். மாதிரி சேகரிப்பில் சிரமம் எதுவும் இருக்கவில்லை. சிக்கல் கணினித் திரையில்தான் தொடங்கியது.

தாய்வழி உறவைக் காட்டுவது இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) டி.என்.ஏ.; அதிலுள்ள 16எஸ் என்ற மரபணுவை இரத்தத்திலிருந்து பெற்று வாசித்தபோது, ஒவ்வோர் எழுத்தையும் ஒரு நிறக் கோட்டால் காட்டும் வரைபடத்தில், ஒரு நிறக் கோடு மட்டும் உயர வேண்டிய பல இடங்களில் நீலமும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து நின்றன. ஒரே விலங்கில் இருவகை இழைமணி டி.என்.ஏ. இருப்பதை ஹெட்டரோபிளாஸ்மி என்பார்கள். ரஷ்யாவின் கடைசி மன்னர் இரண்டாம் நிக்கலஸின் எலும்புகளை அடையாளங்காணும்போது இழைமணி டி.என்.ஏ.யின் 16169ஆம் இடத்தில் தெரிந்தது அதுவே. ஆனால் அந்தப் பெயரைச் சூட்டுமுன் வேறு விளக்கங்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும் என்று என் மேற்பார்வையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாதிரிகள் ஒன்றோடொன்று கலந்திருக்கலாம் என்ற ஐயம், புதிதாக டி.என்.ஏ. பிரித்தெடுத்ததும் நீங்கியது. கடினமானது அடுத்தது. வீட்டுப் பூனையில் இழைமணி டி.என்.ஏ.யின் ஏறத்தாழ 7,900 மூலச் சோடிகள் (டி.என்.ஏ. எழுத்துச் சோடிகள்) நீளமான பகுதியொன்று பண்டைக்காலத்திலேயே கலக்கருவுக்குள் இடம்பெயர்ந்து, டி2 நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்துப் பலமுறை மீண்டும் அமைந்திருக்கிறது. பூனை ஆய்வாளர்கள் 1994இலேயே எழுதிவைத்த இந்தப் பிரதி, 16எஸ் மரபணுவையும் உள்ளடக்கியது. முலையூட்டிகளின் முதிர்ந்த செங்குருதிக் கலங்களில் கருவும் இழைமணியும் இல்லை; இரத்த டி.என்.ஏ. பெரும்பாலும் வெண்குருதிக் கலங்களிலிருந்தே வருகிறது. அவற்றில் இழைமணி டி.என்.ஏ. ஒப்பீட்டளவில் குறைவு என்பதால், இரத்த மாதிரியில் இந்தப் போலிப் பிரதியின் பங்கு கூடித் தெரியும். இரத்தம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதையே நம்பியிருப்பது இத்தகைய ஆய்வுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

ஆகவே சூலகத் துண்டுக்கு மாறி, இடம்பெயர்ந்த பகுதிக்குள் அடங்காத சைட்டோகுரோம் பி என்ற இழைமணி மரபணுவில் ஒரு முதலியை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டான பிரைமரை) அமைத்து, அங்கிருந்து 16எஸ்ஸையும் தாண்டிச் செல்லும் நீண்ட துண்டைப் பி.சி.ஆர். மூலம் பெருக்கினேன். 16எஸ்ஸின் இரட்டைக் கோடுகள் முற்றாக மறைந்தன; மறைந்த எழுத்துகள் கருப்பிரதியின் எழுத்துகளோடு ஒத்துப்போயின.

ஆனால் அதே நீண்ட துண்டில், இழைமணி டி.என்.ஏ.யின் கட்டுப்பாட்டுப் பகுதியில், எட்டு எழுத்துகளளவிலான தொடர் திரும்பத் திரும்ப அடுக்காக வரும் ஆர்.எஸ்.3 என்ற இடத்தைத் தாண்டியதும் கோடுகள் மீண்டும் குழம்பின. அத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பற்றீரியாவில் குளோன் செய்தபோது (நகலெடுத்தபோது), ஒரே பூனையின் குளோன்களிலேயே அடுக்கின் நீளம் வேறுபட்டது. பி.சி.ஆர். நொதியே இத்தகைய அடுக்குகளில் வழுக்கக்கூடும் என்பதால், ஒரு தனிக் குளோனை அதே நிலைமைகளில் மீண்டும் பெருக்கிப் பார்த்தோம். அதில் ஒரே நீளமே கிடைத்தது. அதன் பின்னரே மேற்பார்வையாளர் ஹெட்டரோபிளாஸ்மி என்ற சொல்லை ஆய்வறிக்கையில் எழுத அனுமதித்தார், அதுவும் ஆர்.எஸ்.3க்கு மட்டும்.