இடுப்பையும் முட்டியையும் பார்த்தார்கள், தொடையைப் பார்க்கவில்லை

திருமங்கலத்தில் வீட்டு வாசல்படி இறங்கும்போது அம்மாவின் தொடை எலும்பு முறிந்தது. தடுக்கவில்லை, வழுக்கவில்லை. "மடக்குனு சத்தம் கேட்டுச்சு, அதுக்கப்புறம்தான் விழுந்தேன்" என்று அம்மா சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானவர் விழுந்தார், எலும்பு உடைந்தது, அவ்வளவுதான் என்றார்கள்.

அதற்கு முன்பே மாதக்கணக்கில் தொடை வலி இருந்தது. உட்கார்ந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது சுருக்கென்று பிடிக்கும். ஒரு கிளினிக்கில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள், இன்னொன்றில் முட்டியை. தேய்மானம் என்று தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மதுரையில் ஆபரேஷனுக்குச் சேர்த்த இடத்தில் எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்ததுமே கேட்டார்: "எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை போடுறாங்களா? எத்தனை வருஷமா?"

எலும்பு மெலிவுக்கான அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், எட்டு வருஷமாவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் ஒரு சொம்புத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல், காபிகூடத் தொடாமல் உட்கார்ந்திருப்பார் அம்மா. எப்படிச் சாப்பிடுவது என்று சொன்னவர்கள், எப்போது நிறுத்துவது என்று சொல்லவில்லை. பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையிலும் கொடுத்துவிடுவார்கள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கரும்பை ஒடித்த மாதிரி எலும்பு குறுக்கே நேராக முறிந்திருந்தது. முறிவு தொடங்கிய வெளிப்பக்க விளிம்பில் எலும்பு தடித்துச் சின்ன மேடு. நம் எலும்பு பழையதை அரித்து எடுத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்குமாம். மாத்திரை அந்த அரிப்பைக் கட்டுப்படுத்துகிறது. பல வருஷம் போனால், நுண்ணிய விரிசல்கள் சரியாகாமல் சேர்ந்துவிடுகின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் ஆசியப் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வருகிறதாம்.

அப்புறம் உடையாத இன்னொரு காலையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதில் வலியே கிடையாது. எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே இடத்தில் மேடு, மயிரிழை விரிசல். "உடையறதுக்கு முன்னாடி ராடு போட்டுரலாம்" என்றார். நல்ல காலை எதற்கு அறுக்க வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். அந்த இரண்டாவது படத்தை அவர் கையிலேயே கொடுத்து, விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

இரண்டு காலிலும் ராடு இருக்கிறது. இந்த முறிவு மெதுவாகத்தான் கூடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், வாக்கரை விட முடியவில்லையே என்று நாங்கள் பதறவில்லை. மாத்திரையை நிறுத்தியாயிற்று. கால்சியமும் வைட்டமின் டியும் தொடர்கின்றன.

இதைக் கேட்ட சித்தி, தான் சாப்பிட்டுவந்த அதே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டார். டாக்டரிடம் சொன்னோம், திட்டினார். சித்திக்கு முதுகெலும்பு ஏற்கெனவே நொறுங்கியிருக்கிறது, மாத்திரை தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது, இப்போது விட்டால்தான் ஆபத்து அதிகம் என்றார். ஐந்து வருஷ வாக்கில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து, மாத்திரைக்கு இடைவெளி விடலாமா என்று பார்ப்பார்களாம். எலும்பு மெலிவுக்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் என்ற ஊசி போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது, முதுகெலும்பு வரிசையாக நொறுங்கக்கூடும் என்றும் சொன்னார்.

சித்தி மறுபடி வாங்கிவிட்டார். சீட்டின் பின்பக்கம், தொடங்கிய மாதத்தையும் வருடத்தையும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்.