நாச்சியார்கோவிலில் தீர்ந்த இருபது வருஷ நேர்த்திக்கடன்

என் பையன் எட்டாம் மாதத்தில் பிறந்தவன். எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று ஊரில் சிலர் வாய் கூசாமல் சொன்னார்கள். 26 நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மா, நாச்சியார்கோவில் பெருமாள் கோயிலில் கல்லால் ஆன கருடாழ்வாராக இருக்கிற கல் கருடனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் பட்டு சாத்துகிறேன், சன்னிதிக்குக் குத்துவிளக்கு வாங்கி வைக்கிறேன், மார்கழி கருட சேவையன்று பேரனை உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று.

பிழைத்தான். நாங்கள்தான் போகவில்லை. ஒரு வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம். அப்புறம் என் வீட்டுக்காரருக்கு வடக்கே மாற்றல். அதற்கப்புறம் அப்பா போய்ச் சேர்ந்தார், அந்த வருஷம் தீட்டு. பிறகு கொரோனா. ஒவ்வொரு மார்கழி பிறக்கும்போதும் அம்மா காலண்டரைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். போன கார்த்திகையில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு, "எனக்கு 78 ஆச்சு. கடனோட என்னை அனுப்பிடாதீங்க" என்றாள். அன்றைக்கே டிக்கெட் போட்டோம்.

நாச்சியார்கோவில் என் பாட்டி பிறந்த ஊர். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகிற சாலையில் சுமார் 10 கிலோமீட்டர். பழைய பெயர் திருநறையூர். இப்போது பக்கத்துக் கிராமத்தைத்தான் திருநறையூர் என்கிறோம். மேதாவி மகரிஷிக்கு வஞ்சுள மரத்தடியில் கிடைத்த குழந்தை வஞ்சுளவல்லி. அவளைப் பெண் கேட்டுப் பெருமாள் வந்தபோது, இந்த ஊரில் என் பெண்ணுக்குத்தான் முதல் மரியாதை என்று மகரிஷி வரம் வாங்கிக்கொண்டார். அதனால் ஊரே நாச்சியார் பெயரில் நிற்கிறது. பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தாவை ஒரு பார்வை பார்ப்பாள் என்று அம்மா சொல்வாள்.

கும்பகோணத்தில் இறங்கியதுமே தொல்லை ஆரம்பித்தது. ஒரு டிரைவர், "கருட சேவைக்கு வண்டியே உள்ளே விடமாட்டாங்க, எனக்கு ஆள் இருக்கு, திருநறையூர் சனீஸ்வரரையும் சேர்த்து முடிச்சுத் தர்றேன்" என்று அம்மாவின் பையைக் கையிலிருந்து பிடுங்காத குறை. சனி பகவான் மனைவி மக்களோடு இருக்கிற தலம் அது, போகவேண்டிய இடம்தான். ஆனால் வேண்டுதலை மூட்டை கட்டி "முடித்துத் தருவது" என்ன பேச்சு? பேருந்திலேயே போனோம். அம்மாவுக்கு இடம் கொடுத்த கல்லூரிப் பெண் நன்றாக இருக்கவேண்டும்.

விளக்கை முந்தின நாளே வாங்கிவிட வேண்டும் என்பதில் அம்மா உறுதியாக இருந்தாள். கடையில் அடுக்கி வைத்திருப்பது வேண்டாமாம், வார்க்கிற இடத்தில் பார்த்துத்தான் வாங்குவாளாம். விசாரித்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனோம். தெருவுக்குள் நுழைந்ததுமே அரம் ராவுகிற சத்தம் வந்துவிட்டது. இந்த ஊர்க் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது எப்படிப் பிறக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். காவிரி வண்டலைச் சலித்துப் பிசைந்து அச்சுப் பிடித்து, அதில் உருக்கிய பித்தளையை ஒரு பெரியவர் ஊற்றினார். இடுக்கியைப் பிடித்த கை கொஞ்சமும் ஆடவில்லை. ஊற்றும்போது அங்கே யாரும் பேசவில்லை, செல்போனைக் கூட எடுக்கவில்லை. ஆறியதும் மண்ணைத் தட்டி உடைத்தார். உள்ளே விளக்கின் அடிப்பாகம், கறுத்துப்போய், ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக.

"இது பொறந்த குழந்தைங்க. இனிமேதான் குளிப்பாட்டணும்" என்றார். கடைசல் பிடித்து, ராவி, மெருகேற்றிய பிறகுதான் அது நாம் பார்க்கிற விளக்கு. அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்து மரையில் திருகிச் சேர்க்கிறார்கள். "எங்க முன்னோருங்க நாகர்கோவில் பக்கமிருந்து வந்தவங்க. இந்த மண்ணு பிடிச்சுப்போய் இங்கேயே தங்கிட்டாங்க" என்று அந்தப் பத்தர் சொன்னார். பிறந்த குழந்தை என்று அவர் சொன்னதும் அம்மா திரும்பி என் பையனைப் பார்த்தாள். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அடுத்த நாள் காலையில் பெருமாள் தரிசனம். இது கோச்செங்கட் சோழன் கட்டிய மாடக்கோயில். ஈசனுக்கு எழுபது மாடக்கோயில் எழுப்பிய அந்தச் சோழன் பெருமாளுக்கு எழுப்பியது இது. திருமங்கையாழ்வாரே அதைப் பாசுரத்தில் பாடி வைத்திருக்கிறார். மாடக்கோயில் என்றால் படி ஏறவேண்டும். அம்மாவின் முழங்கால் ஒவ்வொரு படியிலும் நின்று யோசித்தது. ஒருபக்கம் நான், ஒருபக்கம் பையன். நடுவில் ஒருவர் வந்து காதோரம், "500 கொடுங்கம்மா, வரிசை வேண்டாம், பாட்டியைப் பக்கவழியில் கூட்டிட்டுப் போறேன்" என்றார். இப்படிப்பட்டவர்களால்தான் வயதானவர்கள் கோயிலுக்கு வரவே பயப்படுகிறார்கள். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "இருபது வருஷமா வரிசையிலதான்யா நிக்கிறேன்" என்றாள். அவர் போய்விட்டார்.

உள்ளே திருநறையூர் நம்பி கல்யாணக் கோலத்தில் நிற்கிறார். பக்கத்தில் நாச்சியார், அவரைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி. திருமங்கையாழ்வாருக்கு இந்தப் பெருமாளே ஆசாரியனாக நின்று, வைணவராக்கும் தீட்சையான பஞ்ச சம்ஸ்காரம் செய்து வைத்தார். பெரிய திருமொழியில் இந்த ஊருக்கு மட்டும் 100 பாசுரம். ஆழ்வாருக்கே நூறு பாடியும் ஆசை தீரவில்லை, எனக்குக் கிடைத்தது அரை நிமிஷம். தீபம் காட்டும்போது நாச்சியார் முகம் மட்டும் தெரிந்தது. போதும், தாயே. அதுவே போதும்.

பட்டும் விளக்கும் கல் கருடன் சன்னிதியில் ஒப்படைத்தோம். கருடனுக்குப் படைக்கிற அமிர்த கலசம் என்ற பலகாரம் நிவேதனம் ஆயிற்று. விளக்கில் எண்ணெய் ஊற்றி ஏற்றும்போது அம்மாவின் கை நடுங்கியது. பட்டாசாரியார் பொறுமையாகக் காத்திருந்து, "மெதுவா ஏத்துங்கோ, அவர் எங்கேயும் போகப் போறதில்லை" என்றார்.

ஆனால் சாயங்காலம் போவார் அல்லவா! அதற்குத்தானே அத்தனை கூட்டமும். மார்கழி, பங்குனி என்று வருஷத்தில் இரண்டே உற்சவத்தில்தான் கல் கருடன் வெளியே வருகிறார். நாலாம் திருநாள். மூலவரே வாகனமாகப் பெருமாளைச் சுமந்து வருவது இங்கேதான். சன்னிதியிலிருந்து 4 பேர் தூக்குகிறார்கள், அப்புறம் 8, 16, 32 என்று ஏறி, வாசலுக்கு வரும்போது 64 பேர். அன்ன வாகனத்தில் தாயார் முன்னால் போகிறாள். அன்னத்தின் நடை மெதுவானது, கருடனுக்கோ வேகம். அவளை முந்திவிடக் கூடாதென்றுதான் கருடன் கனத்துக்கொண்டே போகிறார் என்று பாட்டி சொல்வாளாம்.

நாலரை மணிக்கே கோயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. செல்போனை உயர்த்திப் பிடித்த கைகளுக்குப் பின்னால் கருடன் எங்கே தெரியப் போகிறார்? ஒரு தள்ளு வந்தது. நான் ஒரு தூணோடு ஒட்டினேன், பையன் எங்கோ போனான், அம்மாவின் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை.

அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. மைக்கில் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன், கவனிக்க ஆளில்லை. "நாராயணா, கடனை அடைக்க வந்த இடத்திலா?" என்று வாய்விட்டே அழுதேன். பையன்தான் தேடிக் கண்டுபிடித்தான். சன்னிதித் தெருவில் ஒரு பழைய வீட்டுத் திண்ணையில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுப் பெண் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், அம்மாவைவிட வயதான ஒரு ஆச்சி.

கூட்டம் தள்ளியதில் அம்மா வாசலுக்கே வந்துவிட்டாளாம். யாரோ இரண்டு பையன்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து இங்கே உட்கார வைத்துவிட்டுப் போனார்களாம். பெயர் கூடக் கேட்கவில்லையே என்று அம்மாவுக்கு வருத்தம்.

ஆச்சி விசாரணையில் இருந்தாள். "எந்த வீட்டுப் பொண்ணும்மா உன் ஆத்தா?"

"மேலவீதி. கிணத்து வீடுன்னு சொல்வாங்க."

"கிணத்து வீடா!" ஆச்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கருட சேவையன்னிக்கு வெளியூர் சனம் அத்தனையும் உங்க கிணத்துலதான் தண்ணி குடிக்கும். ராட்டினம் கிறீச்சு கிறீச்சுன்னு ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே இருக்கும். வாசல்ல பானகம் கரைச்சு வெப்பாங்க. நான் பாவாடை கட்டின வயசு."

அந்த வீடு இப்போது இல்லை. காலையில் தேடிப்போய்ப் பார்த்தோம். ஷட்டர் போட்ட கடை, வாசலில் விளக்குகள் அடுக்கியிருந்தன. கிணறு இருந்த இடம் எது என்று கடையில் கேட்டும் தெரியவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் வந்துவிட்டாள். ஆச்சியின் வாயிலிருந்து அந்த ராட்டினத்தின் சத்தம் வந்தபோதுதான் அம்மா அழுதாள். பாட்டி இறந்த அன்றைக்குக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

திண்ணையிலேயே இருங்கள், சாமி இந்த வழியாகத்தான் வரும் என்றார்கள். எங்களோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், யார் யாரோ. உள்ளேயிருந்து சுண்டல் வந்தது, தண்ணீர் வந்தது. அந்த வீட்டுக்காரர் சாமியைத் தோளில் சுமக்கிற ஸ்ரீபாதந்தாங்கிகளில் ஒருவராம். அவருக்கு முன்னால் அவர் அப்பா தூக்கியிருக்கிறார். "இந்த ரெண்டு நாளைக்கும் எங்கிருந்தாலும் ஊருக்கு வந்திடுவாங்க. தோளில தழும்பே இருக்கு" என்று தைலம் தேய்த்த பெண் சொன்னாள்.

முதலில் தாயார் வந்தாள், அன்னத்தின் மேல் அவசரமில்லாமல். பின்னால் தெருவே ஒரு மூச்சு விட்டதுபோல் இருந்தது. கருடன்!

நேராக எங்கள் திண்ணைக்கு எதிரில் நிறுத்தினார்கள். தோள் மாற்றவா, மண்டகப்படியா, எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. வாரைகளுக்கு அடியில் 64 பேர். முன்வரிசையில் இருந்தவர் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. மேலே அந்தக் கல் முகம் தீவட்டி வெளிச்சத்தில் மினுமினுத்தது. வியர்வை. நெற்றியிலிருந்து மூக்கோரமாக ஒரு துளி இறங்கி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பட்டாசாரியார் துணியால் ஒற்றி எடுத்தார். மறுபடியும் துளிர்த்தது. காலையில் நாங்கள் கொடுத்த பச்சைப் பட்டு அவர் மேல் இருந்தது.

அம்மா எழுந்து நின்றாள். யாரையும் பிடிக்கவில்லை. பேரன் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, சத்தமாகவே பேசினாள்: "பார்த்துக்கோ. இவன்தான். அஞ்சரை அடி வளர்ந்துட்டான். லேட்டாயிடுச்சு, மனசுல வெச்சுக்காதே."

அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தது, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. என் பையன் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து நின்றான். விரலெல்லாம் நடுங்கியது. அந்த விரல்களை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணியிருக்கிறேன், தீக்குச்சி மாதிரி இருந்தன. என் அப்பனே, கருடாழ்வாரே, நீ கொடுத்தது. நீ கொடுத்தது.

வீதி சுற்றித் திரும்ப வெகுநேரம் ஆயிற்று. கூட்டம் கலைந்திருந்தது. ஊருக்குப் போகலாமா என்றால் அம்மா நகரவில்லை, உள்ளே வந்து சேர்வதையும் பார்க்கணும் என்றாள். மெல்ல நடத்திக் கூட்டிப்போய் மண்டபத்தில் ஓரமாக உட்கார வைத்தோம். போகும்போது கூடிய எடை வரும்போது குறையும். ஒவ்வொரு இடத்திலும் பாதிப் பேர் வாரையிலிருந்து கழன்றுகொண்டார்கள். கழன்றவர்கள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே கை கூப்பி நின்றார்கள். திண்ணை வீட்டுக்காரரும் அதில் இருந்தார், பேரனைப் பார்த்துச் சிரித்தார். அம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். முப்பத்திரண்டு. பதினாறு. எட்டு.

சன்னிதி வாசலில் நாலே பேர். சத்தமில்லாமல் உள்ளே கொண்டு வைத்தார்கள். எங்கள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எண்ணெய் பாதிக்கு இறங்கியிருந்தது.

"நாலு" என்றாள் அம்மா. பிறகு பேரனிடம், "ஆச்சி வீட்டுல செருப்பை விட்டுட்டு வந்துட்டேன்டா. போய் எடுத்துட்டு, அவங்களைக் கும்பிட்டுட்டு வா" என்றாள்.