இரண்டு கரித்தீ

பட்டர்வொர்த்திலிருந்து புறப்படும் கொமுட்டர் ரயில் பாரிட் புந்தாரைக் கடந்ததும், நெல்வயலும் செம்பனையும் மாறி மாறி வரும் கிரியான் வட்டாரத்தில் பாகான் செராய் வந்துவிடுகிறது. 1880-களில் பிரெஞ்சு மறைப்பணியாளரான ஃபே அடிகளார் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியமர்த்திய ஊர் இது. தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை கிடையாது என்பதால், விடுப்பு எடுத்துக்கொண்டுதான் புனித சூசையப்பர் ஆலயத்துக்குச் சென்றேன்.

பிற்பகல் வழிபாட்டில் யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றை, அதாவது இயேசுவின் கைதும் மரணமும் பற்றிய பகுதியை, வாசித்தார்கள். தோட்டத்தில் தம்மைத் தேடி வந்தவர்களிடம் ஆண்டவர் "நான்தான்" என்கிறார். சற்று நேரத்தில் தலைமைக் குருவின் முற்றத்தில், கரியினால் மூட்டிய தீயருகே குளிர்காயும் சீடர் பேதுரு, நீ அவருடைய சீடன்தானே என்று கேட்டவர்களிடம் "நான் அல்ல" என்கிறார். ஒரே இரவில் சொல்லப்பட்ட இவ்விரு விடைகளையும் அருகருகே கேட்டபோது, பதினேழு வயதில் நான் சொன்ன ஒரு விடை நினைவில் எழுந்து நின்றது.

ரப்பர் தோட்டத்தில், பெரியப்பா மகனும் நானும் சேர்ந்துதான் கட்டிப்பாலை, அதாவது உறைந்த ரப்பர் பாலை, ஒளித்துவைத்து விற்றோம். தோட்டத்துக் கணக்கரான கிராணி விசாரித்தபோது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அண்ணன் வேலையை இழந்து, அந்த மாதமே குடும்பத்தோடு லயத்தை, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை, காலிசெய்தார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய்ப்பிருந்தும் காட்டிக்கொடுக்கவில்லை.

பெரிய வெள்ளி இரவு, இப்போது இவ்வூரிலேயே வசிக்கும் அந்த அண்ணன் வீட்டில் படுத்துக்கொண்டு யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். கரித்தீயைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில்தான் வருகிறது: ஒன்று பேதுரு மறுதலித்த முற்றம், மற்றொன்று உயிர்த்த ஆண்டவர் மீன் சுட்டு வைத்துக்கொண்டு சீடருக்காகக் காத்திருந்த திபேரியாக் கடற்கரை. முற்றத்தில் நடந்ததை அவர் அங்கே குத்திக்காட்டவில்லை. ஆனால் அதைக் கண்டுகொள்ளாமலும் விடவில்லை. மூன்று முறை மறுதலித்தவனிடம் தம்மை அன்பு செய்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் தம் ஆடுகளை அவன் பொறுப்பிலேயே ஒப்படைக்கிறார். மூன்றாம் முறை பேதுரு துயருற்றதாக யோவான் எழுதுவதை நான் நெடுங்காலம் கவனிக்காமல் கடந்திருக்கிறேன். மன்னிப்பு வலிக்காது என்று எண்ணியிருந்தேன் போலும்.

சனிக்கிழமை காலை குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு ஒப்புரவு அருட்சாதனம் பெற்றேன். குருவானவர் செபங்களோடு, அண்ணனிடம் பேசவும் சொன்னார்.

இரவு, உயிர்ப்புப் பெருவிழாவின் முந்திய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்புக்கு ஆலயத்தின் முன் புதுத் தீ மூட்ட விறகு அடுக்கியிருந்தார்கள். இருட்டில் காத்திருந்த அந்த நேரத்தில், "அண்ணே, அன்னைக்குக் கிராணிகிட்ட நானும் இருந்தேன்னு சொல்லியிருக்கணும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. தீ மூண்டது, பாஸ்கா திரி எனும் பெரிய மெழுகுவர்த்தியிலிருந்து ஒளி கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தது. அவர் தம் மெழுகுவர்த்தியைச் சாய்த்து என்னுடையதைப் பற்றவைத்தார்.

"நேராப் பிடிடா, கையில ஒழுகுது பாரு."