துளிர் விட்டால் பில்

ஏப்ரல் 10, 2024. புதன்

அரசமரத்தைப் பிடுங்கிப் புது இடத்தில் தூக்கி வைத்தாயிற்று. கிரேன் கிளம்பும்போது இரவு பதினொன்றரை. சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

கிரேன் ஓட்டிய பாய்க்கு நேற்று மாலையிலிருந்தே வீட்டிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. பிறை தெரிந்துவிட்டது, விடிந்தால் பெருநாள். மனிதர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. "மரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு நான் போய் எப்படி பிரியாணி சாப்பிடுவேன்" என்றார். ஜேசிபிக்கும் இப்படி ஓர் ஆள் வாய்த்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

பக்கெட் வேரை வெட்டாது, இழுத்துக் கிழிக்கும். கிழிசல் வேரோடு ஒட்டிய தாய்மண்ணுக்குள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அழுகல் அங்கேதான் பிடிக்கும். அதனால் வெளிவட்டம் மட்டும் ஜேசிபி, உள்ளே கடைசி ஒன்றரை அடி கடப்பாரையும் கைவாளும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். "ஒரு மணி நேர வேலையை இரண்டு நாளாக்குகிறீர்கள்" என்று ஓட்டுநர் முறைத்தான். அவனுக்கு மணிக்கணக்கில்தானே வாடகை, அவன் ஏன் அவசரப்பட வேண்டும்? அவசரம் ஒப்பந்ததாரருடையது. அடுத்த வாரம் அந்த இடத்தில் ஜல்லி கொட்ட வேண்டுமாம்.

அடிமரம் இரண்டடிக் குறுக்களவு. அதைப்போல் எட்டிலிருந்து பத்து மடங்கு அகலத்துக்கு மண்கட்டி வேண்டும் என்பது கணக்கு. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் குடிநீர்க் குழாய். கிடைத்தது ஒன்பதடி. அரசு என்பதால் துணிந்தேன். அதே வரிசையில் நின்ற புளியையும் பிடுங்கி நட முடியுமா என்று கேட்டார்கள். சித்திரை வெயிலில், இவ்வளவு மண்ணோடு, அந்த வயதுப் புளி பிழைக்காது, என் பெயரைப் போட்டுச் செய்ய மாட்டேன் என்றேன். வெட்டிவிட்டார்கள். அடிமரத்தில் நல்ல வைரம். மரக்கடைக்காரர் முந்தைய நாளே வந்து முழம் போட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. பாயசத்துக்கு முன் மரத்துக்குத் தண்ணீர். மண் ஒரு சாண் இறங்கியிருக்கிறது. வேருக்கும் புதுமண்ணுக்கும் நடுவில் காற்று நின்றால் வேர் காய்ந்துவிடும். தண்ணீர் விட்டு, கம்பியால் குத்தி, மறுபடி மண் தள்ளினோம். வேர் தொடங்கும் கழுத்து வரை மண் மூடக்கூடாது என்று தம்பிக்கு மூன்றாம் முறையாகச் சொன்னேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

எங்களுக்குப் பில் போட வேண்டிய இன்ஜினியர் அழைத்தார். "துளிர் வந்ததா?"

ஏப்ரல் 19, வெள்ளி

வாக்குப்பதிவு. வேலை இல்லை. அண்ணன் மைவிரலோடு வீட்டுக்கு வந்தார். வலது கையை உயர்த்த முடியாமல் இடது கையால் காபி வாங்கிக் குடித்தார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். இரண்டு பேரும் தேர்தலைப் பற்றியே பேசினோம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஸ்கேனில் அண்ணனுக்குத் தோள் தசைநார் கிழிந்திருப்பதாக வந்திருக்கிறது. மூன்று மாதம் மரம் ஏறக்கூடாது, பிறகு பார்க்கலாம் என்றாராம் டாக்டர். "பிறகு பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்?" என்று என்னைக் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்.

பாதுகாப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்து ஐந்தரை வருடம். கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைகளை அறுத்து அகற்றப் போனபோது வாங்கியது. அட்டைப்பெட்டியோடு பரணில் வைத்திருந்தார். காலில் தளை, இடுப்பில் அரிவாள், தோளில் வடம், அவ்வளவுதான் அவருக்கு. பெல்ட் போட்டால் மரம் தன்னை நம்பாது என்பார். தம்பி பெல்ட் இல்லாமல் ஏணியில்கூட ஏற மாட்டான். இதற்காக ஒரு வருடம் அவனை "மாப்பிள்ளை" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

ஏப்ரல் 27, சனி

மேலே ஒரு கொம்பில் நகத்தால் கீறினேன். பால் வந்தது. கசிந்து ஒரு சொட்டாகத் திரள்வதற்குள் எறும்பு வந்துவிட்டது.

அரசோடு பிடுங்கி நட்ட வேம்பு இரண்டிலும் பால் பார்க்க வழியில்லை, பட்டைக்குக் கீழே பச்சை தெரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒன்றில் பச்சை. மற்றதில் பழுப்பென்றும் பச்சையென்றும் சொல்ல முடியாத ஒரு நிறம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

"துளிர் வந்ததா?"

மே 4, சனி

கத்திரி தொடங்கிவிட்டது. அரசில் தென்பக்கத் தண்டுக்குச் சுண்ணாம்பு இன்னொரு பூச்சு அடித்தோம். கிழக்கு, மேற்கு மாறாமல் இருக்கத் தோண்டும் முன்பே தென்முகத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, அதே திசையில்தான் நட்டிருக்கிறோம். ஆனாலும் கவாத்துக்கு முன் இத்தனை வருடமாகத் தன் இலை நிழலிலேயே இருந்த பட்டை இது. இப்போது மொட்டையாக வெயிலில் நிற்கிறது. பட்டை வெந்து வெடித்தால் அந்தப் பக்கம் முழுக்கச் சாறு ஓடாது.

சாக்கை நனைத்துக்கொண்டிருக்கும்போது தம்பி மேலே கை காட்டினான். செம்பு நிறத்தில், ஊசி முனை அளவுக்கு.

மே 7, செவ்வாய்

இன்று கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்து இப்படித்தான் இருக்கும்.

துளிர் வந்த படத்தைத் தம்பி ஆர்வத்தில் இன்ஜினியருக்கு அனுப்பிவிட்டான். அரை மணி நேரத்தில் அழைப்பு. "மரம் பிழைத்துவிட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், பில் போட்டுவிடலாம். தண்ணீர் லாரியை வேறு சைட்டுக்கு அனுப்ப வேண்டும்."

துளிர் பிழைத்ததற்குச் சாட்சி அல்ல. தண்டிலும் கொம்பிலும் முன்பே சேர்த்து வைத்த மாவுச்சத்து இருக்கிறது. வேரே இல்லாமல் வெட்டிப் போட்ட பூவரசங்கட்டைகூட வேலியோரம் கிடந்து துளிர்க்கும். நகையை அடகு வைத்து விருந்து போடுகிற வீடு இது, பார்க்கிறவனுக்கு வசதியாகத்தான் தெரியும். புது வேர் இறங்கி மண்ணிலிருந்து தண்ணீர் இழுக்க ஆரம்பிக்கும் வரை ஒவ்வொரு இலையும் செலவுதான். முதல் துளிர் வாடி உதிர்ந்து, இரண்டாவது துளிர் வந்து, அந்த இலை முற்றிக் கறுக்க வேண்டும். அதன் பிறகும் ஒரு கோடையைத் தாண்ட வேண்டும். அதற்கு முன் கையெழுத்துப் போடுகிறவன் ஒன்று தெரியாதவன், இல்லை தெரிந்தவன்.

போடவில்லை. எனக்கும்தான் பணம் வர வேண்டும். கிரேன் வாடகை என் கையிலிருந்து போனது.

மே 9, வியாழன்

கோவை ராமநாதபுரம் பக்கம் ஒரு வீட்டில் மாமரம். கூரை மேல் சாய்ந்த ஒரு வாது. தம்பி ஏறினான், அண்ணன் கீழே நின்று கயிறு பிடித்தார். ஒற்றைக் கை. அடிக்கொரு தரம் "அங்கே வைக்காதே, இங்கே வை" என்று சத்தம்.

தம்பி சரியாகத்தான் செய்தான். தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடியில் கால்வாசி அறுப்பு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு அறுப்பு. கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் துண்டாக இறங்கியது. மிச்சமிருந்த கட்டையை, கிளை தொடங்கும் இடத்துக் கழுத்து வீக்கத்துக்கு வெளியே அறுத்தான். தண்டோடு ஒட்ட வழித்திருந்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மரத்துக்குக் காயத்தை மூட வழி இருக்காது.

பிறகு வழக்கமான சண்டை. அண்ணன் சாணம் கரைத்து வைத்திருந்தார். அலெக்ஸ் ஷைகோ என்று அமெரிக்க வனத்துறையில் ஒருவர் இருந்தார், ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்தவர். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, உள்ளே சுவர் எழுப்பி அழுகலை அடைத்து வைக்கிறது, மேலே பூசும் தாரும் மையும் அதற்கு உதவுவதில்லை என்று காட்டினார். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படித்த நண்பர் இதை எனக்குச் சொல்லிப் பல வருடமாகிறது. நான் அண்ணனுக்குச் சொல்லியும் பல வருடமாகிறது. "அவர் நம் ஊர் வெயிலில் அறுத்தாரா?" என்று கேட்டுவிட்டு, எட்டாத வெட்டுக்குத் தம்பியிடம் சாணத்தைக் கொடுத்து அனுப்பினார்.

இன்று நான் தடுக்கவில்லை. ஒற்றைக் கையால் கரைத்திருந்தார்.

மே 12, ஞாயிறு

சந்தேக வேம்பு போய்விட்டது. கீறினால் பொடி உதிர்கிறது.

மே 17, வெள்ளி

நேற்று மாலை மழை, சுழன்று அடித்த காற்று. இரவு பத்துக்கு அழைப்பு. தூங்குமூஞ்சி மரம் ஒன்று வேரோடு பெயர்ந்து, மதில்மேல் சாய்ந்து, வழியை அடைத்துக் கிடந்தது. போன வருடம் நடைபாதைக்குக் கல் பதிக்கும்போது ஒரு பக்க வேரை நறுக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக்கு எதிராகவே விழுந்திருக்கிறது, கேட்பானேன்.

நிற்கிற மரத்தைவிட விழுந்த மரம்தான் ஆளைக் கொல்லும். இரண்டு இடத்தில் தாங்கி நிற்கும் தண்டில் ஒரு முகம் இழுபட்டிருக்கும், எதிர்முகம் நெருக்கப்பட்டிருக்கும். நெருக்கத்தில் ஆழமாக வாள் போனால் மரம் கவ்விக்கொள்ளும். இழுப்பில் ஒரேயடியாக அறுத்தால் தெறிக்கும். நெருக்கத்தில் கொஞ்சம் கடித்துவிட்டு, இழுப்பில் பொறுமையாக வர வேண்டும், ஓரமாக நின்று.

அதைவிடப் பயம், வேர் பெயர்ந்த பள்ளம். இரண்டு பையன்கள் அதற்குள் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்டின் பாரம் போனதும் வேர்க்கட்டி படாரென்று பழைய இடத்துக்கே திரும்பி உட்காரும், உள்ளே நிற்பவனை மூடிக்கொண்டு. அண்ணன் போட்ட சத்தத்தில் அவர்கள் மட்டுமல்ல, வேடிக்கை பார்த்த தெருவே பின்னால் போனது. கடைசித் துண்டை அறுத்தோம். கட்டி எழுந்து உட்கார்ந்தது. யாரும் பேசவில்லை.

வீடு வர இரண்டரை மணி. வாளின் செயினில் நான்கு பல் போயிற்று. மரத்துக்குள் விளம்பரப் பலகை ஆணி.

மே 22, புதன்

அரசின் துளிர் மேற்குப் பக்கம் துவண்டுவிட்டது. எதிர்பார்த்ததுதான். இருந்தும் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. கீறிப் பார்க்கவில்லை.

மே 23, வியாழன்

கீறினேன். பால் இருக்கிறது. மெதுவாக வந்தது.

மே 28, செவ்வாய்

கத்திரி முடிந்தது.

ஜூன் 4, செவ்வாய்

ஊரெல்லாம் வாக்கு எண்ணிக்கை. நான் ஏணி வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். புதிதாக மொட்டு, கிழக்கில் மட்டும்.

ஜூன் 8, சனி

லாரி நின்றுவிட்டது. என் கையெழுத்து தேவைப்படவில்லை போலிருக்கிறது. சின்ன யானையில் ஆயிரம் லிட்டர் தொட்டி ஏற்றிக்கொண்டு போனேன். டீசல் கணக்கை எழுதவில்லை, எழுதினால் வயிறு எரியும்.

அண்ணன் கூடவே வந்தார். அடிமரத்தை அரிவாளின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார், காதைச் சாய்த்துக்கொண்டு. "பொள்ளல் இல்லை" என்றார். பிறகு, "இனி நான் கீழே நின்றே பார்க்கிறேன்" என்றார். தோளைப் பற்றி அவராக எதையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டது. ஆடி வரை இது நிற்காது. அரசுக்கு முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கம்பம் மூன்றையும் காணோம். சென்ட்ரிங் வேலைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். இலை பிடிக்கப் பிடிக்கக் காற்றும் பிடிக்கும். வேர் நூலளவுக்கு இறங்கியிருந்தால்கூட அடிமண் ஆடினால் அறுந்துபோகும். இரவோடு இரவாக என் கிடங்கிலிருந்து கம்பம் கொண்டுபோய் நட்டோம். மேற்கே இரண்டு, தெற்கே ஒன்று, கட்டுகிற இடத்தில் சைக்கிள் டியூப்.

இன்ஜினியருக்கு அழைத்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 12, புதன்

நாளை மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்கு எல்.சி., அதாவது கம்பியில் மின்சாரம் நிறுத்தியாயிற்று என்ற அனுமதி, கிடைத்துவிடும் என்று லைன்மேன் சொல்லியிருக்கிறார். நாலு மணிக்குள் அந்தத் தெருவில் கம்பியைத் தொடும் கொம்பு எல்லாம் இறங்க வேண்டும். எத்தனை வீட்டில் ஜெனரேட்டர் என்று காலையிலேயே போய்க் கேட்க வேண்டும், பின்பக்கமாக மின்சாரம் ஏறினால் எல்.சி. இருந்தும் பயனில்லை. தம்பிக்குக் காய்ச்சல் என்கிறான். செயின் எண்ணெய் தீர்ந்துவிட்டது, கடை எட்டரைக்குத்தான்